விரலை உடையவரோடு சேர்த்து அனுப்பவும்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் மூவரும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் இதற்குள் அம்மா யாரிடமாவது சொல்லியனுப்பியிருப்பாள். அத்தானுடைய முட்டிவலி எப்படி இருக்கிறது?

நீ அனுப்பிய போர்வை வந்து சேர்ந்தது. போர்வை அருமை, முடிச்சுதான் கொடுமை. அதை நகத்தால் பார்த்தேன், சாவியால் பார்த்தேன், கடைசியில் பட்டறையில் செயற்கைப் பல்லைத் தேய்த்துச் சரிசெய்யும் சக்கரத்தை ஓட்டித்தான் அறுத்தேன். பள்ளிக்கூட நாளில் என் சாப்பாட்டுப் பையில் போட்டு என்னைப் பட்டினி போட்டாயே, அதே முடிச்சு. உலகத்தில் வேறு யாருக்கும் அது வராது, வரவும் வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் இருவரும் போனில் பேசினால் சௌக்கியமா என்று கேட்டு முடிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது, "எழுதித் தொலைங்க ரெண்டு பேரும், எழுதும்போதாவது எதிராளி குறுக்க பேச முடியாது" என்று அம்மா போட்ட உத்தரவு இன்னும் அமலில் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். எனக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது.

பெண் நீச்சல் கற்றுக்கொடுக்கிறாள். குளத்தின் விளிம்பில் இடித்து முன்பல் பாதி உடைந்து, எங்கள் டாக்டரிடம் வந்தாள். அந்தப் பல்லைச் செய்தவன் நான். மீதி விவரம் பிறகு.

இப்போது மோதிரம் வாங்க வேண்டும், வைரம் வைத்தது. தப்பாக நினைக்காதே, அத்தான் நகைக்கடையில் வாங்கப்போவதில்லை. என்ன கல், என்ன விலை என்று நான் கடைப் படியில் கால் வைப்பதற்குள் அம்மாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரிந்தால் நோட்டீஸ் அடிக்க வேண்டியதில்லை. இணையத்தில் ஒரு கடை பார்த்து வைத்திருக்கிறேன். கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம், சான்றிதழ் கொடுக்கிறார்கள், தோளில் கை போட்டு "மச்சான், அதைவிட இதை எடு" என்று சொல்ல ஆள் கிடையாது. முகப்பிலேயே 'அவசரமே வேண்டாம், கல் எங்கேயும் ஓடிப்போகாது' என்று எழுதியிருக்கிறார்கள். எத்தனையோ கடைகளைப் பார்த்தேன், இந்த வரியைப் பார்த்ததும் மனசு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

உன் தம்பி

---

மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அத்தானுக்கு முட்டிவலி இடது காலிலிருந்து வலது காலுக்கு வந்திருக்கிறது, ஒரு மாறுதலுக்காக. அம்மாவிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். அவள் பக்குவமாகக் கேட்கவில்லை. அழுதாள், சிரித்தாள், பிறகு முன்பல் நிஜப் பல்லா பொய்ப் பல்லா என்று கேட்டாள்.

முப்பத்தாறு வயதில் உனக்கு ஒருத்தி கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது. அதனால் திட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துகிறேன்.

வைரத்தை யாராவது படத்தைப் பார்த்து வாங்குவார்களா? படத்தில் எல்லாக் கல்லும்தான் மின்னும். படத்தில் நீகூட நன்றாகத்தான் இருக்கிறாய். கல்லை விரல் இடுக்கில் வைத்துப் பார்க்க வேண்டும், கடை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்க்க வேண்டும், பிடிக்காவிட்டால் முகத்தைச் சுளிக்க வேண்டும். கம்ப்யூட்டரிடம் முகத்தைச் சுளித்து என்ன பிரயோஜனம்? போன வருஷம் சித்தப்பா மகள் கல்யாணத்தில் அத்தான் மைக்கைப் பிடுங்கி, இணையத்தில் நகை வாங்குகிறவர்களைப் பற்றி அரை மணி நேரம் பேசினாரே, மாப்பிள்ளை வீட்டார் எழுந்து சாப்பிடப் போன பிறகும் நிறுத்தவில்லையே, அப்போது கைதட்டினவன் நீ ஒருத்தன்தான்.

எந்தக் கடை என்று எழுதாதே. எனக்குத் தெரிய வேண்டாம். அத்தான் காதில் இந்தப் பேச்சே விழ வேண்டாம்.

ஒன்று எழுத மறந்துவிட்டாயே. நீ கேட்டபோது அவள் என்ன சொன்னாள்?

வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை போடு. காபியைக் குறை.

உன் அக்கா

---

மார்ச் 22 (மின்னஞ்சல்)

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் கடையில் வட்டக் கல் வைத்த மோதிரம் ஒன்றை ஆர்டர் செய்திருக்கிறேன். அளவு குறித்துச் சில ஐயங்கள்.

பெண்ணின் விரல் அளவை அவளுக்குத் தெரியாமல் எடுக்க வேண்டியிருந்தது. நான் பல் செட் செய்கிறவன். அச்சு எடுக்கும் மாவு ஒன்று புதிதாக வந்திருக்கிறது, விரலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். ஆள்காட்டி விரலை நீட்டினாள். "அது வேண்டாங்க, இடது கை மோதிர விரல்தான் வேணும்" என்றேன். "ஏன் அது?" என்றாள். "அதுதான் பல்லு மாதிரி இருக்கும்" என்றேன். வேறு எதுவும் தோன்றவில்லை. ஒரு மாதிரியாகச் சிரித்துவிட்டு விரலை மாவுக்குள் விட்டாள். குளத்திலிருந்து நேராக வந்திருந்தாள், தலைகூடத் துவட்டவில்லை. அச்சில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்ததில் விரல் அப்படியே வந்துவிட்டது, நகம் உட்பட. இப்போது என் மேஜையில் நிற்கிறது. இதை வைத்து அளவு கணக்கிடலாமா?

இரண்டாவது, வட்டக் கல் சரியா, சதுரக் கல் சரியா?

மூன்றாவது, இது உங்களுக்குச் சம்பந்தமில்லாதது. நான் இன்னும் அவளிடம் கேட்கவில்லை. வீட்டில் முடிவாகிவிட்டது என்று எழுதிவிட்டேன். எழுதினால் திரும்பிப் போக முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று ஒரு கணக்கு. ஆனால் அவளைப் பார்த்தால் பல்லைப் பற்றித்தான் பேச வருகிறது. அந்தப் பல்லை நான்கு முறை திருத்திக் கொடுத்தேன், அதில் மூன்று முறை தேவையே இல்லை. மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. மோதிரம் கையில் இருந்தால் தைரியம் வரும் என்று நினைக்கிறேன். சீக்கிரம் அனுப்பினால் நன்றி.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

---

மார்ச் 23 (மின்னஞ்சல்)

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் கடையைத் தேர்ந்தெடுத்ததற்கு மிக்க நன்றி. எங்கள் முதலாளிக்கு முட்டிவலியாதலால் பதில் ஒரு நாள் தாமதம், மன்னிக்கவும்.

விரல் பல் மாதிரி இருக்கும் என்று நாங்கள் இதுவரை கேள்விப்பட்டதில்லை. இருப்பினும் பிளாஸ்டர் விரல் அளவுக்கு உதவும். பத்திரமாக வைத்திருங்கள்.

வட்டம், சதுரம் இரண்டும் அழகு. கையால் வேலை செய்கிற பெண்ணுக்கு, அதிலும் தண்ணீரில் இருக்கிற பெண்ணுக்கு, துருத்திக்கொண்டு நிற்காத கல் நல்லது.

மூன்றாவது விஷயம் எங்களுக்குச் சம்பந்தமில்லாததுதான். ஆனாலும் ஐயா, கேட்பதற்கு மோதிரம் தேவையில்லை, வாய் போதும். சாதாரணமாக நாங்கள் வாடிக்கையாளர்களிடம் இப்படிச் சொல்வதில்லை, வியாபாரம் கெட்டுவிடும். வெறும் வயிற்றில் காபி குடித்துவிட்டு இதைப் பற்றி யோசிக்காதீர்கள்.

தங்கள் சேவையில்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

---

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். வயிற்றெரிச்சல் பரவாயில்லை.

நீ இணையக் கடையைப் பற்றி எழுதியதெல்லாம் தப்பு என்று நிரூபிக்கவே இந்தக் கடிதம். அங்கே சேவைப் பிரிவில் ஒரு பெண்மணி இருக்கிறார். என்ன பொறுமை, என்ன மரியாதை! வட்டமா சதுரமா என்று கேட்டேன், பதில் சொன்னார். பிறகு முட்டை வடிவம் எப்படி என்று கேட்டேன், "நல்ல கேள்வி ஐயா" என்றார். மறுபடி வட்டத்துக்கே வந்தேன், அதற்கும் "நல்ல முடிவு ஐயா" என்றார். நீயாக இருந்தால் இரண்டாவது கேள்விக்கே "உனக்கு மூளை இருக்கா?" என்று ஆரம்பித்திருப்பாய். அந்தப் பெண்மணிக்கு ஒரு தம்பி இருந்தால் கொடுத்துவைத்தவன்.

அவள் என்ன சொன்னாள் என்று கேட்டிருந்தாய். கேட்டேன், சரி என்றாள். அவ்வளவுதான்.

அம்மாவிடம் சொல், பல் பொய்ப் பல்தான், ஆனால் நிஜப் பல்லைவிட நன்றாக இருக்கிறது.

உன் தம்பி

---

மே 6

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. வேலை அதிகம். என்ன வேலை என்று கேட்காதே, மத்தியானம் ஆனால் உட்கார நேரமில்லை.

உன் சேவைப் பெண்மணியைப் பற்றிப் படித்தேன். நல்ல கேள்வி, நல்ல முடிவு என்று உனக்குப் பதில் எழுதிய நேரத்தில் பாவம் அவள் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும். அவளுக்கும் ஒரு தம்பி இருப்பான். அவன் கொடுத்துவைத்தவனா என்பது எனக்குத் தெரியாது.

"கேட்டேன், சரி என்றாள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். மின்சாரக் கட்டணம் கட்டியதைக்கூட நீ இதைவிட விரிவாக எழுதுவாய். எங்கே வைத்துக் கேட்டாய்? நின்றுகொண்டா, உட்கார்ந்துகொண்டா? என்ன வார்த்தை சொன்னாய், அவள் என்ன வார்த்தை சொன்னாள்? வார்த்தைக்கு வார்த்தை எழுது. அம்மா இரவும் பகலும் நச்சரிக்கிறாள்.

தம்பி, ஏதாவது சொல்ல முடியாமல் இருந்தால் எனக்கு எழுதலாம். நான் திட்டுவேன்தான். திட்டிவிட்டுக் கேட்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

---

ஜூன் 11 (மின்னஞ்சல்)

சேவைப் பிரிவு அம்மையாருக்கு,

வணக்கம். கல் விஷயத்தில் ஒரு சிறு மாற்றம். முட்டை வடிவத்திலிருந்து மறுபடி வட்டம். மோதிரக் கம்பி கொஞ்சம் மெல்லியதாக இருந்தால் நல்லது. அல்லது முன்பு சொன்ன கனமே இருக்கட்டும். நாளைக்கு உறுதியாகச் சொல்கிறேன்.

இன்னொரு உதவி. என் அக்கா ஒருத்தி இருக்கிறாள். நல்லவள், ஆனால் போலீஸ் மாதிரி. நான் பெண்ணிடம் என்ன சொன்னேன், அவள் என்ன சொன்னாள் என்று வார்த்தைக்கு வார்த்தை எழுதச் சொல்கிறாள். நடக்காத பேச்சை நான் எப்படி எழுதுவது? நீங்களும் ஒரு பெண்தான். இந்த மாதிரி சமயத்தில் பெண்கள் என்ன சொல்வார்கள் என்று ஐந்தாறு வரி எழுதி அனுப்பினால் அப்படியே நகலெடுத்து அக்காவுக்கு அனுப்பிவிடுவேன். அவள் லேசில் நம்ப மாட்டாள், ஆகையால் இயல்பாக இருக்கட்டும்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. அவளுக்கு வேறு ஊரில் பெரிய நீச்சல் குளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஒரு மாதமாக அதைப் பற்றித்தான் பேச்சு. "போகட்டுமா, வேண்டாமா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று என்னையே கேட்டாள். "சம்பளம் நல்லா இருந்தா போங்க" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டேன். ஜூலை கடைசி நாளில் கிளம்புகிறாள். அவள் போய்விட்டால் என் மேஜையில் அந்தப் பிளாஸ்டர் விரல் மட்டும்தான் மிச்சம்.

இதை அக்காவுக்கு எழுத முடியாது. சின்ன வயதிலிருந்து என் காரியங்களையெல்லாம் முடித்துக் கொடுத்தவள் அவள். இந்த ஒன்றையாவது நானே முடித்தேன் என்று அவளிடம் காட்ட நினைத்தேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

---

ஜூன் 12 (மின்னஞ்சல்)

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மடல் கிடைத்தது. இரண்டு முறை படித்தோம்.

பெண்கள் என்ன சொல்வார்கள் என்று எழுதித் தரும் வசதி எங்கள் கடையில் இல்லை. அதை அந்தப் பெண்ணிடமிருந்தே பெற்றுக்கொள்வது நல்லது. தங்கள் அக்காவைப் பற்றி எழுதியதைக் குறித்துக்கொண்டோம், போலீஸ் என்பது உட்பட.

ஐயா, கல் எங்கேயும் ஓடிப்போகாது. பெண் ஊருக்குப் போய்விடுவாள். தாங்கள் இதுவரை ஏழு முறை வடிவம் மாற்றியிருக்கிறீர்கள். எங்கள் முதலாளி தங்களைப் பற்றிச் சொல்லும் வார்த்தையை இங்கே எழுத இயலாது. இனி வடிவத்தை நாங்களே முடிவு செய்கிறோம்.

அந்தப் பிளாஸ்டர் விரலைக் கொரியரில் எங்களுக்கு அனுப்பிவையுங்கள். முகவரி தேவையில்லை, கொரியர்காரர்களிடம் எங்கள் கடையின் கணக்கு எண்ணைச் சொன்னால் எடுத்துக்கொள்வார்கள். ஜூலை கடைசிக்குள் தங்கள் கைக்கு ஒரு பெட்டி வந்து சேரும். அதை அந்தப் பெண் முன்னால்தான் திறக்க வேண்டும். முன்கூட்டித் திறந்தால் உத்தரவாதம் செல்லாது.

தங்கள் சேவையில்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

---

ஜூலை 31

அக்கா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

நேற்று மத்தியானம் பெட்டி வந்தது. உத்தரவாதம் செல்லாது என்றிருந்ததால் திறக்கவில்லை. சட்டையை மூன்று முறை மாற்றிவிட்டு நேராக நீச்சல் குளத்துக்குப் போனேன். அது அவளுடைய கடைசி வகுப்பு. கழுத்தில் விசிலோடு நின்றுகொண்டிருந்தாள், தண்ணீரில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் காலை உதைத்துக்கொண்டிருந்தார்கள். "ஒரு நிமிஷம் இப்படி வாங்க" என்று விளிம்பில் கிடந்த பெஞ்சுக்குக் கூப்பிட்டேன். ஒரு வாரமாக மனப்பாடம் செய்த வசனம் தொண்டை வரைக்கும் தயாராக இருந்தது. பெட்டியை மடியில் வைத்து மேல் காகிதத்தைப் பிரித்தேன்.

உள்ளே சணல் கயிறு. அதில் ஒரு முடிச்சு.

நகத்தால் பார்த்தேன். சாவியால் பார்த்தேன். "கத்தரி கொண்டு வரவா?" என்றாள். "வேண்டாங்க, இதோ ஆச்சு" என்றேன். ஆகவில்லை. கால் உதைப்பதை நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் எல்லோரும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசியில், பல்லால் எதையும் கடித்து இழுக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான், வருகிறவர்களுக்கெல்லாம் அட்டை அச்சடித்துக் கொடுக்கிற நான், குனிந்து அந்த முடிச்சைப் பல்லால் கடித்தேன். கடித்துக்கொண்டிருக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. இந்த முடிச்சை எனக்குத் தெரியும். இதோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து மல்லுக்கட்டுகிறேன்.

முட்டிவலி முதலாளி, காபி குடிக்காதே என்ற புத்திமதி, மத்தியானம் மட்டும் வரும் பதில்கள், எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. வாயில் கயிறோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். "பல்லு போச்சா?" என்று அவள் பதறினாள்.

முடிச்சு விட்டுக்கொடுத்தது. மூடியைத் திறந்தேன். மோதிரம் இல்லை. பஞ்சு மெத்தையில் என் பிளாஸ்டர் விரல் படுத்திருந்தது. பக்கத்தில் அச்சடித்த அட்டை: 'இது தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல். பிளாஸ்டரிலேயே சுருக்கம் தெரிகிறது. இந்த அளவில் மோதிரம் செய்தால் ஏறாது. விரலை நன்றாகக் காயவைத்து, உடையவரோடு சேர்த்து அனுப்பவும்.'

"மிஸ், அது யாரு விரலு?" என்று தண்ணீரிலிருந்து ஒரு குரல். "என்னோடதுதான்" என்றாள் அவள், ஏதோ பேனாவைத் தொலைத்துக் கண்டெடுத்த மாதிரி. எடுத்துத் தன் விரலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மனப்பாடம் செய்த வசனத்தில் ஓர் எழுத்துகூட என்னிடம் இல்லை. கையில் மோதிரமும் இல்லை. என் வாயிலிருந்து வந்தது இதுதான், வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறேன், அம்மாவுக்கும் படித்துக் காட்டு: "இந்த விரலோட மிச்சமும் எனக்கு வேணுங்க."

அவள் சொன்னது: "மாவுக்குள்ள விரலை விட்டப்பவே எனக்குத் தெரியும். நாலு மாசமா காத்துக்கிட்டு இருக்கேன். உங்க மாவு காய்றதுக்கு இவ்வளவு நாளா ஆகும்?"

பிறகு சிரித்தாள். நான் செய்த பல் உட்பட எல்லாப் பல்லும் தெரிந்தது. பிள்ளைகள் தண்ணீரை அடித்துக் கத்தினார்கள், என் மூன்றாவது சட்டை நனைந்தது. அந்தப் புது வேலையை விட வேண்டாம் என்று நானே சொன்னேன். பல் உடையாத ஊர் எங்கே இருக்கிறது, நானும் பின்னாலேயே வந்துவிடுவேன். "இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் சம்பளத்தைப் பத்தியே யோசிச்சிருக்க மாட்டேனே" என்றாள்.

கேட்கும்போது உட்கார்ந்திருந்தேன். நீ கேட்டிருந்தாயே.

இப்போது நீ எழுது. வார்த்தைக்கு வார்த்தை.

உன் தம்பி

---

ஆகஸ்ட் 6

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். அம்மா உன் கடிதத்தை மூன்று முறை படிக்கச் சொன்னாள். "மிச்சமும் வேணும்" என்ற இடத்தில் மூன்று முறையும் கைதட்டினாள்.

வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறேன். கடைக்கு முன்போல ஆள் வருவதில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் அத்தானே ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு, "இணையத்துல ஒரு கடை போடலாமா, யாருக்கும் தெரியாம?" என்றார். மைக்கைப் பிடுங்கிப் பேசின வாயாயிற்றே, சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? அதனால் வேறு பெயரில் நடக்கிறது. கல் பார்ப்பது அவர், பதில் எழுதுவது நான், பின் அறையில், அம்மா தூங்கும் நேரத்தில். முகப்பில் இருக்கிற வரி அவர் எழுதியது. கடைக்கு வருகிறவர்களிடம் அவர் வழக்கமாகச் சொல்வதுதான், நீ சின்னப் பையனாகக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து நூறு முறை கேட்டிருப்பாய். எத்தனையோ கடைகளைத் தாண்டி அந்த வரியில் உன் மனசு உட்கார்ந்துவிட்டது என்று எழுதினாய் பார், அதைப் படித்தபோதே நீ எங்கே வந்து விழுந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சொல்லக் கூடாது என்று அத்தானுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வேடிக்கையாகவும் இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். வாழ்க்கையில் முதல் முறையாக நீ என்னை "அம்மையார்" என்றாய்.

ஆனால் ஒன்று வலித்தது. எனக்கு எழுதிய கடிதங்களில் நீ ஓர் இடத்தில்கூட பயமாக இருக்கிறது என்று எழுதியதில்லை. முன்பின் தெரியாத ஒருத்திக்கு முதல் மடலிலேயே எழுதிவிட்டாய். அன்றைக்குப் பின் அறையில் உட்கார்ந்து அழுதேன். நான் உன் காரியங்களை முடித்துக் கொடுத்துக் கொடுத்து, நீ என்னிடம் முடிந்ததை மட்டும் சொல்கிற ஆளாகிவிட்டாயோ என்று தோன்றியது. அதனால்தான் இதை நான் முடித்துக் கொடுக்கவில்லை. மோதிரம் வந்திருந்தால் நீ அதையும் நான்கு முறை திருத்தியிருப்பாய். பெட்டி வரும் என்றுதான் எழுதினேன், மோதிரம் வரும் என்று எழுதவில்லை. எடுத்துப் பார்.

விரல் வேண்டுமென்றே வைத்தது. முடிச்சு அப்படி இல்லை. பெட்டியைக் கட்டும்போது கை அதன் பாட்டுக்குப் போட்டுவிட்டது.

உன் கடிதம் வந்த பிறகு அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு முறை வடிவம் மாற்றிய அந்தக் கிறுக்கன் யார் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்த மனிதர், உன் பெயரைக் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். திரும்பி, "அப்போ மச்சான் நம்ம கடையிலதான் வாங்கியிருக்கான்!" என்றார். அன்று முழுக்க முட்டிவலி இல்லை.

கல் தயாராக இருக்கிறது. வட்டம். துருத்தாதது. வந்து பார், வெயிலில் வைத்துப் பார், பிடிக்காவிட்டால் முகத்தைச் சுளி. விரலைத் துடைத்து அழைத்து வா.

உன் அக்கா

---

ஆகஸ்ட் 12

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். தங்கள் சேவை எப்படி இருந்தது என்று தெரிவிக்க இடம் கொடுத்திருக்கிறீர்கள். அந்தக் கட்டத்துக்குள் அடங்காததால் தபாலில் எழுதுகிறேன்.

நட்சத்திரம்: நான்கு. முடிச்சுக்காக ஒன்று குறைத்திருக்கிறேன். குறை: கேட்ட பொருள் வரவில்லை. நிறை: கேட்க வைத்தார்கள். இணையத்தில் வாங்குவது நல்லதா, கடைக்குப் போய் வாங்குவது நல்லதா என்று யாராவது என்னைக் கேட்டால் இனிமேல் நான் வாயைத் திறக்கப்போவதில்லை. இரண்டு இடத்திலும் ஒரே ஆட்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தங்கள் பிரிவில் பதில் எழுதும் பெண்மணியிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும். அவருக்கு எழுதியதையெல்லாம் என் அக்காவுக்கு எழுதியிருக்க வேண்டியது. எழுதினால் அவள் உடனே பஸ் ஏறி வந்து, அந்தப் பெண்ணிடம் எனக்காக அவளே கேட்டு முடித்திருப்பாள் என்றுதான் பயந்தேன். அவள் அப்படிச் செய்யாமல் நான்கு மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பால் பொங்கியதற்கும் வருந்துகிறேன்.

அக்கா, ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறோம். புது வேலையில் விடுப்பு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். இரண்டு நாளைக்குக் குளத்தில் இறங்காதே என்று சொல்லியிருந்தேன், விரல் நன்றாகக் காய்ந்திருக்கிறது. பிளாஸ்டர் விரலை அவள் தன்னிடமே வைத்துக்கொண்டாள், கொடுக்க மாட்டாளாம். நேற்றிலிருந்து அம்மா என்ன கேட்பாள், அத்தான் மைக்கைத் தேடுவாரா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒன்றும் இல்லை, நான் இருக்கிறேன் என்று தைரியம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆனால் எனக்குத்தான் பயமாக இருக்கிறது. நீ வாசலில் வந்து நில்.

உன் தம்பி